பட்டம் வேண்டாத பாளையக்காரர்கள்

நான் காவேரிப்பட்டினத்தில் பிறந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓசூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் பாளையக்காரர் வம்சம் என்பதே கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, அவருடைய பெரியப்பா இறந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பெரியப்பாதான் கடைசியாகப் பட்டம் கட்டியிருந்தவர். முதல் முன்னோர் ஒரு கணவாயைக் காத்தாராம்; அதற்காக யாரோ ஒரு ராஜா பட்டமும் ஏழு ஊரும் கொடுத்தாராம். அந்தக் கணவாயில் வழிப்பறி செய்ததே அவர்தான், நிறுத்தச் சொல்லித்தான் பட்டம் கொடுத்தார்கள் என்பது என் மாமியார் சொன்ன சரித்திரம். சுல்தான் காலத்தில் போன பட்டம் கும்பெனிக்காரன் காலத்தில் திரும்பி வந்தது. ஜமீன் ஒழிப்பில் ஊர்கள் சர்க்காருக்குப் போய்விட, மிஞ்சியது ஒரு சரிகைத் தலைப்பாகை, உறையை விட்டு வராத ஒரு வாள், மாரியம்மன் திருவிழாவில் குதிரைமேல் வந்து முதல் தாம்பூலம் வாங்கும் உரிமை. அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய ஒரே தம்பியான என் மாமனாரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனாருக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்தின் மகன் கிருஷ்ணகிரியில் தையல்கடை வைத்திருந்தார். என் கணவர் இளைய தாரத்தின் மகன். ஆனால் நாலு மாதம் முன்னால் பிறந்துவிட்டார். தாய்மார்கள் இருவருக்கும் ஆகாததால் பிள்ளைகளும் பேசிக்கொள்வதில்லை.

கருமாதி முடிந்ததும் மணியக்காரர் ஊரைக் கூட்டினார். சண்டை வரும் என்று எல்லாரும் சீக்கிரமே வந்து இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

என் கணவர் எழுந்தார். “மூத்த தாரத்துப் புள்ள அவருதானுங்க. பட்டம் அவருக்குப் போறதுதான் நாயம்.”

தையற்காரர் பதறிப்போனார். “மொதல்ல பொறந்தவரு அண்ணன்தானுங்களே. அண்ணன் இருக்கச்சே நான் தலைப்பாகை கட்டினா ஊரு என்ன பேசும்?”

பிறந்ததிலிருந்து பேசாதவரை அண்ணன் என்று அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். மணியக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கிறவங்கள நெறய பாத்துருக்கேன். அவனுக்குக் குடு, அவனுக்குக் குடுன்னு அடிச்சுக்கிறத இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று சொல்லி, வயதை வைத்துத் தலைப்பாகையை என் கணவர் தலையில் கட்டிவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பாளையக்காரர் பெண்டாட்டி என்று எங்கள் ஊருக்குக் கடுதாசிகூட எழுதினேன்.

வினை பஸ்ஸில் வந்தது. பழைய ஏழு ஊர் ஜனங்களும் அந்தத் தடத்தில்தான் ஏறுவார்கள். கண்டக்டர் நிற்கிறவர். தொரை நிற்கும்போது குடிகள் உட்காரலாமா? குந்தாரப்பள்ளிச் சந்தையன்று ஒரு கிழவர் எழுந்து நிற்க, அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். சீட்டெல்லாம் காலி, பஸ் நிறைய ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

“குந்துங்கய்யா” என்று கெஞ்சியிருக்கிறார் இவர்.

“தொரை நிக்கச்சே நாங்க எப்டிங்க குந்தறது? நீங்க குந்துங்க சாமி, நாங்களும் குந்தறோம்.”

இவர் உட்கார்ந்தார். அவர்களும் உட்கார்ந்தார்கள். டிக்கெட் கொடுக்க எழுந்தார். அவர்களும் எழுந்தார்கள். சூளகிரி வருவதற்குள் நாலு தடவை இப்படி நடந்ததாம். கண்ணாடியில் பார்த்த டிரைவர், ஏதோ தகராறு என்று வண்டியையே நிறுத்திவிட்டார். மறுநாள் முதலாளி கூப்பிட்டு, “பட்டமா, டிக்கெட்டுப் பையா? ஒண்ணச் சொல்லு” என்றார்.

அன்றைக்கே இவர் தலைப்பாகையை ஒரு துணியில் சுற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்த் தையற்காரர் கையில் திணித்துவிட்டு வந்தார். அது அங்கே ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. முழுக்கால்சட்டை தைக்க வந்த ஏழு ஊர்ப் பையன்கள், தொரை குனிந்து தங்கள் காலைத் தொட்டு அளவெடுக்க விடவில்லை. உத்தேசமாகத் தைத்த மணியக்காரர் மகன் கால்சட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. தலைப்பாகை திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தது.

திருவிழா வந்தது. இவர் வேண்டுமென்றே அன்றைக்கு டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். தையற்காரர் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினார். குதிரை வந்து நிற்கிறது, மேளம் அடிக்கிறது, ஆள் இல்லை. மணியக்காரர் என்னிடமிருந்து தலைப்பாகையை வாங்கிச் சேணத்தின்மேல் வைத்துக் கட்டினார். அது ஊர்வலம் போனது. ஜனங்கள் கும்பிட்டார்கள். முதல் தாம்பூலத்தைப் பூசாரி அதன் முன்னால் நீட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் மணியக்காரரிடம் கொடுத்தார். நான் கூட்டத்தில் நின்று சிரிப்பை அடக்கப் பார்த்தேன். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. ஏனென்று இன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: “குதிரைமேல நல்லா இருந்துச்சா?”

“நல்லாத்தாங்க இருந்துச்சு.”

இவர் தோளில் இருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அடுத்த வருஷம் குதிரை வரவில்லை. மணியக்காரரே தாம்பூலம் வாங்கிக்கொண்டார். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. பட்டம் அத்தோடு முடிந்தது. அன்றைக்குத் தையற்காரர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். இரண்டு மாமியார்களும் சமையலறையில் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் படுத்து மத்தியானம் முழுக்கக் குறட்டை விட்டார்கள்.