உறியில் தொங்கிய ஆவணி இதழ்

ஒரு மாதப் பத்திரிகையின் பதினோரு இதழ்கள் என் மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன. ஆவணி மட்டும் இல்லை. ஆடிக்கும் புரட்டாசிக்கும் நடுவே இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் என்னால் உட்கார முடியாது. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரி ஒரு நாளைக்கு இருபது தடவை அங்கே போய் நிற்பேன்.

கொல்லிமலை அடிவாரத்து ஊரில் ஒரு வாசகசாலை. அதில் நான் தற்காலிக எழுத்தர். காரியதரிசி குரலை உயர்த்தவே மாட்டார்; அதுதான் பயம். "வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து பைண்டர் வருகிறார். பன்னிரண்டும் இருந்தால் ஒரு தொகுதியாகக் கட்டலாம், உன் வேலையும் நிரந்தரம். இல்லாவிட்டால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று, காப்பி கேட்கிற தொனியில் சொன்னார்.

அந்தப் பத்திரிகையே அப்போது உயிரோடு இல்லை. சண்டைக்காலத்துக் காகிதப் பஞ்சத்தில் நின்றுபோனது. அச்சகத்துக்கு எழுதிய கடிதம், ஆள் இல்லை என்ற குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது. உபரிப் பிரதி உண்டா என்று பக்கத்து ஊர் நூலகங்களுக்கு அட்டை போட்டேன். ஒருவர் பதில் எழுதினார்: "எங்களுக்கும் ஆவணிதான் இல்லை. கிடைத்தால் இரண்டாக வாங்கவும்." பழைய சந்தாதாரர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். ஒரு வீட்டில் அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். துக்கம் விசாரித்த வாயோடு, "ஐயா பழைய பத்திரிகை ஏதாவது சேர்த்து வைத்திருந்தாரா?" என்று கேட்டுவிட்டேன். இறந்தவரின் மகன் என்னை வாசல்வரை வழியனுப்பினான். மரியாதைக்காக அல்ல.

செவ்வாய்க்கிழமை, செய்தித்தாள் பார்க்க வந்த மிளகு வியாபாரி ராவுத்தர் என் நடையைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"என்ன தம்பி, கூண்டுப் புலி மாதிரி நடக்கிறீங்க?"

சொன்னேன். மேஜைமேல் கிடந்த ஆடி இதழை எடுத்து அட்டையில் இருந்த மயிலைப் பார்த்தார்.

"இதே மயில மலைமேல பாத்திருக்கேனே! வாழவந்தி நாட்டுல, நான் மிளகு எடுக்கிற ஊட்ல, உறியில தொங்குது. மாசம் ஒருக்கா எறக்கித் தூசு தட்டி, திரும்பத் தொங்க விடுவாங்க. படிக்கிறவங்க யாரும் இல்ல. எந்த மாசத்துதுன்னு நான் கவனிக்கல."

புதன் விடியும்போது நான் மலைப்பாதையில் இருந்தேன். கூடவே ராவுத்தரின் சுமையாள் ஒருவர். அவர் மூட்டையோடு முன்னால் போனார். நான் வெறுங்கையோடு பின்னால் மூச்சு வாங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றேன். ஐந்தாவது தடவை அவர், "நீங்க கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டு ஊடு கிட்ட வருமுங்களா?" என்றார்.

மேலே அந்தக் குடியானவரும் அவர் மனைவியும் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கை கழுவிவிட்டுத்தான் உறியைத் தொட்டார். துணியைப் பிரித்தார். மயில் அட்டை. ஆவணி! ஒரு மடிப்புக்கூட இல்லை.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். எங்கள் வாசகசாலையின் ஊதா முத்திரை. அதற்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்தில், "அவசரமில்லை. மெதுவாகத் திருப்பித் தரலாம்."

அப்போதுதான் நினைவு வந்தது. மலைக்கு அம்மை குத்தப் போகிறவர் ஒருவர் வழியில் படிக்க ஏதாவது கேட்டார். பெரிய மனுஷத்தனமாக எடுத்துக் கொடுத்தேன், பதிவேட்டில் எழுதவில்லை. ஊர் ஊராக நான் தேடியது நானே தொலைத்ததை.

"மழையில நனஞ்சிரும், திரும்பி வாரப்ப எடுத்துக்கறேன்னு அடைக்கலமா வெச்சுட்டுப் போனாருங்க. அவரு வந்தாத்தான் குடுப்போம்" என்றார் குடியானவர்.

"அவரை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்களே! இது எங்கள் புத்தகம். இதோ முத்திரை!"

"முத்திரையெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. மூஞ்சியப் பாத்து வாங்கினோம், அதே மூஞ்சியப் பாத்துத்தான் குடுக்கணும். இந்த மலையில எந்த ஊட்லயும் அப்படித்தானுங்க."

சீட்டை உரக்கப் படித்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

"நீங்களே அவசரமில்லீன்னு எழுதிட்டு, இப்ப ஏனுங்க இப்படிப் பறக்கறீங்க?" என்றார் அவர் மனைவி. இருவரும் சிரித்தார்கள். நான் வேலியோரம் போய்ப் பலாமரத்தைச் சுற்றினேன். கெஞ்சினேன். கோபித்தேன். முதல் திருப்பம்வரை இறங்கிப் போய்த் திரும்பி வந்தேன். நான் வருவதற்குள் ஆவணி உறிக்கு ஏறியிருந்தது.

கடைசியில் அந்த அம்மாதான் வழி விட்டார். "எடுத்துட்டுப் போகத்தான் கூடாது, சாமி. பாக்கறதுக்கு என்ன? பாத்து எழுதிக்கங்க."

நூலகங்களில் அப்படி ஒரு வழக்கம் உண்டுதான்: கிடைக்காத பக்கத்தைக் கையால் எழுதி வைத்துக் கட்டுவது. ஒன்றிரண்டு பக்கத்துக்கு. இதுவோ முழு இதழ். தாளும் பென்சிலும் பையில் இருந்தன, பொறுமைதான் இல்லை. புதன் மத்தியானமும் வியாழன் முழுக்கவும் எழுதினேன். தலையங்கம், தொடர்கதை, கூந்தல் தைல விளம்பரம், குறுக்கெழுத்துக் கட்டம் எதையும் விடவில்லை. பத்து வரிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். எழுந்தபோதெல்லாம் குடியானவர் இதழை மூடித் துணி போர்த்தினார். ராகிக் களி கொடுத்தபோது, நான் சாப்பிட்ட கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி தொட விட்டார். இவ்வளவு கெடுபிடி எங்கள் வாசகசாலையில் இருந்திருந்தால் நான் மலையேறியே இருக்க வேண்டாம்.

அட்டை மயிலையும் வரைந்தேன். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "கோழி நல்லா வந்துருக்குது, கண்ணு" என்றார்.

வெள்ளி காலை மலையிறங்கி வாசகசாலைக்குள் விழுந்தேன். பைண்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். காரியதரிசி என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் எதையும் மறைக்கவில்லை. சீட்டில் எழுதியிருந்ததையும் சொன்னேன். அவர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் கால் பெருவிரல்கள் தரையில் தாளம் போட்டன.

"இது என்ன பறவை?"

"மயில், ஐயா."

"ம். பதிவேட்டில் இதை எப்படி எழுதுவாய்?"

எழுதிக் காட்டினேன். *ஆவணி: கைப்பிரதி. மூலம்: வாழவந்தி நாடு, ஓர் உறி. நிலை: மிகப் பத்திரம்.*

அதை இரண்டு முறை படித்தார். "நம்மிடம் இருந்திருந்தால் இந்நேரம் கிழிந்திருக்கும்" என்று தாள்களைப் பைண்டரிடம் நீட்டினார். "கட்டுங்கள்." பிறகு, என்னைப் பார்க்காமல், "நாளையிலிருந்து இரவல் பதிவேடு உன் பொறுப்பு. நிரந்தரமாக."

தொகுதி அலமாரிக்குப் போனது. ஆவணிக்கு வந்ததும் வாசகர்கள் என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே படிப்பார்கள், எனக்குக் கேட்கும். அதன்பிறகு ஒவ்வொரு மிளகுப் பறிப்புக்கும் நான் மலையேறி அந்த வீட்டு வாசலில் நின்றேன். அவர் கை கழுவுவார், உறியை இறக்குவார், பார்க்கக் கொடுப்பார், வாங்கித் திரும்பத் தொங்கவிடுவார்.

"அம்மை குத்தறவரு வந்தாருங்களா?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லை" என்பேன்.

"அவசரமில்லீங்க" என்பார்.