ஐஸ் பெட்டியும் என் லினக்ஸ் லெப்டொப்பும்

"ஒரு லெப்டொப் வாங்க ஒரு மாசமா? நான் போட்டுக்கு எஞ்சின் வாங்கினது ஒரு மத்தியானத்தில!"

இது என் வீட்டுக்காரர். அந்த எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோன கதையை எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எடுத்துவிட்டேன்.

வீட்டிலிருந்து செய்யும் வேலையை வேலை என்று வீட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கொழும்பில் ஓர் அலுவலகத்துக்காக, வீடியோக்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை டைப் செய்து அனுப்புவது என் வேலை. சிலாபத்தில் இருக்கும்வரை கரைச்சல் இல்லை. மீன்பிடி சீசன் தொடங்கினால் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள தீவுக்குக் குடும்பத்தோடு போய், வாடி என்கிற ஓலைக் குடிசை போட்டுத் தங்கிவிடுவோம். பானை சட்டி, பாய், மாதா சுரூபம் எல்லாம் படகில் ஏறும். லெப்டொப்பும் ஏறத்தான் வேண்டும். இந்த முறை அலுவலகத்து மிஸ் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: "சீசனுக்குள்ளயும் ஒழுங்கா வேலை வருமா, இல்லாட்டி வேற ஆளைப் பாக்கட்டா?"

அடுப்பையும் பார்த்து ஆபீஸையும் பார்க்கும் சகோதரிகளே, மிச்சத்தைக் கேளுங்கள்.

பழையது போன விதம்

எங்கள் ஆட்களுக்குப் படகில் நனையக்கூடாத சாமானுக்கு ஒரே இடம்தான்: மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டி. அரிசி, தீப்பெட்டி, பெருநாள் சேலை எல்லாம் அதற்குள்தான் போகும். போன சீசனில் நான் பார்க்காத நேரம் என் லெப்டொப்பையும் வீட்டுக்காரர் பத்திரமாக அதற்குள் வைத்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு படகில் என் கொழுந்தன் சூசை கறிக்கென்று இரண்டு அறுக்குளா மீன் வாங்கி, ஐஸோடு அதே பெட்டிக்குள் கொட்டினான்.

தீவில் இறங்கித் திறந்தால், லெப்டொப்பின் இரண்டு பாதிக்கும் நடுவே மீன்வால். தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூசை சொன்னான்: "ஐஸில வச்ச சாமான் பழுதாகாதே அண்ணி!"

லினக்ஸ் வந்த கதை

தீவில் சிக்னல் பிடிப்பது வாடிக்குப் பின்னாலுள்ள மணல்மேட்டில் மட்டும்தான். பழைய லெப்டொப் உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை அங்கே ஏறி, செய்து முடித்த வேலையை அனுப்பலாமென்று போனிலிருந்து டேட்டா கொடுத்தேன். விண்டோஸ் என்னை ஒரு வார்த்தை கேளாமல் தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கி, டேட்டா முழுவதையும் குடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கம்பஸில் படிக்கும் மகள் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தந்தாள். சொன்னால்தான் செய்யும், கேட்காமல் எதையும் தொடாது. எங்கள் வீட்டில் அப்படி இருந்த ஒரே உருப்படி அது.

அது மீனோடு போனபின் சிலாபத்தில் இரவல் கம்ப்யூட்டரில் சமாளித்தேன்; இப்போது புதிதாக வாங்கப்போகிறேன் என்றதும் மகள் எச்சரித்தாள். சில லெப்டொப்களில் லினக்ஸுக்கு வைஃபை பிடிக்காதாம், சிலது மூடித் திறந்தால் எழும்பாதாம். ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டுத் தந்து, அதைக் கடையிலேயே செருகி ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். "அப்பாவை எடுத்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப்போடாதீங்கம்மா."

சிலாபத்துக் கடை

கடைக்காரப் பிள்ளை முதலில் காட்டியதில் கீபோர்ட் எழுத்துகளுக்குக் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் சார்ஜர் செங்கல் அளவு. வாடியில் இருப்பது கூரைமேல் ஒரு சோலார் தகடும் ஒரு பெட்டரியும்தான், போன் வயரிலேயே சார்ஜ் ஏறவேண்டும் என்றேன். அடுத்ததின் திரை கண்ணாடிபோல மினுங்கியது. மணல் வெயிலில் அதைத் திறந்தால் என் மூஞ்சிதான் தெரியும், அதைப் பார்க்கவா நான் காசு கொடுக்கிறேன் என்றேன்.

எல்லாவற்றையும் பவ்வியமாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தான். "அன்ரிமாருக்கு இந்த ரோஸ் கலர்தான் நல்லாப் போகுது."

புத்தளத்துக் கடை

இது பாவித்த லெப்டொப் விற்கும் கடை. நான் பென்டிரைவை எடுத்ததுமே கடைக்கார நானாவின் முகம் மாறியது. முதலாவதில் வைஃபை தலைகாட்டவில்லை. இரண்டாவதை மூடித் திறந்தேன், செத்த மாதிரிக் கிடந்தது. மூன்றாவது ஏதோ ஆபீஸில் உழைத்துத் தேய்ந்த சின்னக் கறுப்பு மெஷின். கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் எங்கள் நகம் பார்த்ததுபோலப் பார்த்தேன். வைஃபை பிடித்தது. தமிழில் டைப் செய்ய வந்தது. மூடித் திறந்ததும் விட்ட இடத்திலேயே நின்றது. என் போன் வயரிலேயே சார்ஜும் ஏறியது. கடைசியாக வெளியே தூக்கிக்கொண்டுபோய் நடுவெயிலில் திறந்தேன். வரிகள் தெரிந்தன.

கடைக்கார நானா பின்னாலேயே ஓடிவந்து வியர்வையைத் துடைத்தார். "மிஸ், நீங்க சாமான் வாங்க வந்தீங்களா, எனக்குச் சோதினை வைக்க வந்தீங்களா?"

படகேறிய காலை

கற்பிட்டிக் கரையில் லெப்டொப்பை மூன்று பைகளுக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். மடியை விட்டு இறக்குவதில்லை என்று தீர்மானம். படகில் கால்வைக்கும்போது பாவாடை தடக்கியது. ஒரு கணம்தான், பையை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் அவர் கையில் பை இல்லை. சூசை ரெஜிபோம் பெட்டியின்மேல் சம்மணம் கட்டி இருந்தான். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"பை எங்க?"

"பத்திரமா இருக்கு அண்ணி."

லினக்ஸுக்கு ஒத்துவரும் லெப்டொப்பை ஒரு மாதம் அலைந்தாவது பிடித்துவிடலாம், லெப்டொப்புக்கு ஒத்துவரும் குடும்பத்தைத்தான் எந்தக் கடையிலும் ஓட்டிப் பார்த்து எடுக்க ஏலாது.

"சூசை, எழும்பி அந்த மூடியைத் திற" என்றேன். வீட்டுக்காரர் எஞ்சினைப் பார்த்தார். சூசை கடலைப் பார்த்தான்.