வெல்தி என்று அடிக்கும் முன்

“ரிட்டயர் ஆன மறுமாசம் எந்த வூட்ல இருப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டே ஜமால் முகமது கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறார். பதில் வரும்வரை அந்தக் கை திரும்பிப் போகாது.

நெய்வேலி பஜாரில் அவருடையது ஜெராக்ஸ் கடை. கல்யாண பயோடேட்டா அடித்துத் தருவதில்தான் கடைக்குப் பேர். வருகிறவர்கள் எல்லோரும் குடும்பம் வசதியானது என்று இங்கிலீஷில் கெத்தாக ஒரு வரி கேட்பார்கள். ‘ரிச்’ என்ற சொல்லை அவர் தொடவே மாட்டார். அது பிரியாணிக்குச் சொல்வதாம், நெய் கூடினால் ரிச். குடும்பத்துக்கு ‘வெல்தி’தான் மரியாதை. அந்த மரியாதையை மனிதர் லேசில் யாருக்கும் கொடுத்துவிடுவதில்லை.

மகனுக்குப் பெண் தேடும் ராஜாங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது. அவருக்குச் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலை, சீக்கிரம் ரிட்டயர்மென்ட். “குவார்ட்டர்ஸ சுத்தி மாவும் பலாவும் நிக்குது பாய். பாக்கறவன் ஜமீனுன்னுவான்.”

“மரம் நீங்க வச்சதுதாங்க. மண்ணு யாருது? பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துட்டுப் போன பின்னாடி கம்பெனிக்குச் சாவியக் குடுத்துட்டு வாடகைக்குப் போவீங்க. ‘அவர் ஃபேமிலி இஸ் வெல்தி’ன்னு அடிச்சுக் குடுத்த எனக்குத்தான் ஏச்சு.”

இந்த ஊருக்கென்றே உள்ள பிசகு இது. பாதி ஆயுளைக் கழித்த வீடு தன்னுடையதில்லை என்பதே பலருக்கு மறந்துபோகிறது. ராஜாங்கத்துக்குக் கடைசியில் ‘வெல் செட்டில்டு’ கிடைத்தது. வளையமாதேவி கிராமத்துக் குழந்தைவேல் விஷயம்தான் ஜமாலையே திணறடித்தது. நிலம் சுரங்கத்துக்குப் போக, வந்த பணத்தில் கம்மாபுரத்தில் மாடி வீடு கட்டியவர். “வூடு பெருசுதான் பாய். அரிசிய கடையில வாங்கித் தின்னுகினு இருக்கறேன். இதுக்கு இங்கிலீசுல என்னாவோ, அதப் போடு.” ஜமால் அந்த வரியையே எடுத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இவ்வளவு கறார் பேசியவர் வீட்டுக்கும் நாள் வந்தது. மகள் ஷமாவுக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் இடம் வந்து, பயோடேட்டா கேட்டிருக்கிறார்கள். பையனை ஷமாவுக்குப் பிடித்திருக்கிறது. முன்பு வந்த இடங்கள் ‘மிடில் கிளாஸ்’ என்று படித்ததோடு சத்தமில்லாமல் நின்றுபோயின. கடையும் வாடகை, குடியிருப்பதும் வாடகை.

“ஊருக்கெல்லாம் நீங்கதான் தாசில்தாரு,” என்றாள் மனைவி கமர் நிஷா. “பெத்த புள்ளைக்கு ஒரு வார்த்த போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

“வந்து பாத்தா தெரிஞ்சிடும் நிஷா.”

“மொதல்ல வரட்டுங்க. வராமலே போறாங்களே, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.”

ஷமாவையும் கூட்டிக்கொண்டு ஜமால் கடைக்குப் போனார். சாதாரணமாகக் கீபோர்டைப் பார்க்காமலே அடிக்கிறவர், அன்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. பிரிண்டர் தாளைத் தள்ளியதும் பக்கத்தில் நின்ற ஷமா கையை நீட்டினாள்.

“குடுங்கத்தா, பாக்கறேன்.”

தாளை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கையிலிருந்து விடவில்லை. ‘அவர் ஃபேமிலி இஸ்’ என்பதை அடுத்து வந்த சொல்லின் மேல் அவருடைய கட்டைவிரல் அழுந்தியிருந்தது.