யாக்கோப்பு மேசனும் அடைக்கோழியும்

என் புருசன் யாக்கோப்பு மேசனைப் பற்றித் தன்னாமுனையில் யாரை விசாரித்தாலும் தங்கமான மனுசன் என்பார்கள். தங்கமாக இருந்து என்ன, வீட்டில் இருக்க வேண்டாமா? கலியாணம் முடித்த மறுவருடமே கொழும்புத் துறைமுகத்தில் சீமெந்து வேலை என்று போனார். பிறகு கல்லோயாவில் குவாட்டஸ் கட்டுகிறார்கள் என்று போனார். மூத்தவள் றீற்றா பிறந்தபோது வவுனியாவில் நின்றார். குடி இல்லை, வேறு பெண் இல்லை, கை நீட்டும் பழக்கமும் இல்லை. ஒரு சுவரைக் கட்டி முடித்தால் அடுத்த சுவர் வேறு ஊரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழெட்டு மாதம் கழித்து மெலிந்து கறுத்துத் திரும்பி வருவார். வந்த அன்றைக்குப் பார்த்தால் இனி இந்த ஆள் எங்கேயும் போகமாட்டார் என்றுதான் தோன்றும்.

போவதற்கு முன் சொல்லமாட்டார். சண்டையும் பிடிக்கமாட்டார். போட்டுக்கொண்டு போகும் சேட்டைத் தானே தோய்த்துக் கொடியில் காயப்போடுவார். மற்ற நாளெல்லாம் தோய்ப்பது நான். கொடியில் அந்தச் சேட்டு தனியே தொங்குவதைக் கண்டால் எனக்கு விளங்கிவிடும். அடுத்த நாளோ மறுநாளோ தகரப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மனுசன் போய்விடுவார். அழுது பார்த்திருக்கிறேன். அழுதால் அவரும் கூட இருந்து அழுவார், அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு போவார். இதற்கு என்ன செய்வது?

அறுபத்துமூன்றாம் ஆண்டு, இரண்டாவது பிள்ளை வயிற்றில். ஒரு வெள்ளிக்கிழமை விடியப் பார்த்தால் கொடியில் சேட்டு. மன்னாரில் ஏதோ மடம் கட்டுகிறார்களாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். இந்த முறை அழுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முந்திய ஞாயிறுதான், பூசை முடிந்து வரும்போது, கால்நடைப் பகுதியில் வேலை பார்க்கும் தங்கராசா ஐயா கோயில் வாசலில் நின்று, அரசாங்கப் பண்ணையிலிருந்து வைற் லெகோன் என்ற சீமைக்கோழிக் குஞ்சுகள் ரயிலில் வரப்போகின்றன, வேண்டியவர்கள் பெயர் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நாட்டுக்கோழிக்கு என்ன குறை என்று சனம் ஒன்றையொன்று பார்த்தது. நான் மட்டும் போய் என் புருசன் பெயரைக் கொடுத்திருந்தேன். ஏன் கொடுத்தேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. கொடியில் சேட்டைக் கண்டபோதுதான் தெரிந்தது.

"நாளைக்கு ரயிலில குஞ்சு வருது. உங்கட பேருக்குத்தான் வருது. இந்த வயித்தோட நான் ஏறாவூர் ஸ்ரேசனுக்குப் போக ஏலுமா?" என்று கேட்டேன். அவர் கொடியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். சரி, எடுத்துத் தந்துவிட்டுப் போகிறேன் என்றார்.

ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து, மறு கையால் அந்தக் கடதாசிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஏறாவூரிலிருந்து வந்து சேர்ந்தார். பெட்டி முழுக்க ஓட்டை, ஓட்டை முழுக்கக் கீச்சுச் சத்தம். திறந்தால் இருபத்தைந்தில் இரண்டு செத்துக் கிடந்தன. செத்ததுகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இதுகளுக்குத் தாய் எங்கே என்று என்னைக் கேட்டார். தாயுமில்லை, கூடுமில்லை, மெசினில் பொரித்தவை என்று தங்கராசா ஐயா சொன்னதைச் சொன்னேன். மனுசன் உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் தூக்கி வந்தார். உடுப்பைப் பாயில் கொட்டிவிட்டுப் பெட்டிக்குள் உமியைப் பரப்பினார். நடுவில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நான் குசினிக்குள் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். மன்னார் மடத்தை வேறு யாராவது கட்டட்டும்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! சூடு கூடினால் குஞ்சுகள் லாம்பை விட்டு விலகி மூலைக்குப் போகும். சூடு குறைந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் சாகும். இவர் திரியைக் கூட்டுவார், குறைப்பார், கையை உள்ளே விட்டுப் பார்ப்பார், மறுபடியும் கூட்டுவார். காட்டுக்குப் போய்க் கறையான் புற்றை வெட்டிச் சாக்கில் கொண்டுவருவார். வாவியில் அள்ளிக் காயவைத்த கூனி இறாலை இடித்துக் குறுணலோடு குழைத்துக் குஞ்சுக்கு வைப்பார். பிள்ளைத்தாய்ச்சி நான் வெறுஞ்சோறு தின்றேன், குஞ்சுகள் கூனி தின்றன. யாக்கோப்புக்குப் பால் மட்டும்தான் சுரக்கவில்லை என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஆள் வளவுக்குள் நிற்கிறாரே என்று இருந்தேன். மகன் பற்றிக் பிறந்தபோது கையில் புண்ணாக்கோடு அறை வாசலில் நின்றார்.

பருந்து தூக்கியது போக, உடும்பு போன்ற கபறகொய்யா விழுங்கியது போக, பாதிக்கு மேல் தேறிவிட்டன. வெள்ளை வெளேரென்று வளர்ந்தன. அதுகளுக்கு இவர் செங்கல்லால் கூடு கட்டினார். சீமெந்து நிலம், ஓட்டுக் கூரை. எங்கள் வீட்டுக்கு அப்போது தென்னோலைக் கிடுகுதான். பேடுகள் முட்டையிடத் தொடங்கின. அத்தோடு வந்தது வினை.

வளர்ந்த கோழிக்கு ஆள் எதற்கு? விடிய இறங்கிப் போகும், மேயும், மைமலுக்கு வந்து ஏறிக்கொள்ளும். இவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. படலையில் சாய்ந்து நின்று றோட்டைப் பார்க்கத் தொடங்கினார். அடுப்பை மூட்டுமுன் நான் கொடியைப் போய்ப் பார்க்கத் தொடங்கினேன். பகலில் நாலைந்து தரம் காரணமில்லாமல் கொடி கட்டியிருக்கும் கோடிப்பக்கம் போய் வருவேன். இருந்தால் இருப்புக் கொள்ளாது, நின்றால் நிலை கொள்ளாது. ஒரு கோழி அடைக்கு இருந்துவிட்டால் போதும், குஞ்சு வந்துவிடும், மனுசன் நிற்பார். இரவும் பகலும் இதே நினைப்பு.

ஒன்றாவது இருந்ததா? முட்டையை இட்டுவிட்டு ஊரைக் கூட்டிக் கொக்கரித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனதுகள். கண்ணூறுதான் என்று முடிவு கட்டினோம். ஏறாவூரிலிருந்து கைத்தறிச் சாரன் விற்க வரும் ஆமினா உம்மா, பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிய நூல் கொண்டுவந்து கூட்டு வாசலில் கட்டினா. நான் கோயில் தீர்த்தத்தைத் தெளித்தேன். இரண்டுக்கும் அதுகள் மசியவில்லை. யாக்கோப்பு ஒரு பேட்டைப் பிடித்து முட்டைகளின் மேல் இருத்தி, கூடையால் கவிழ்த்து, மேலே கல்லையும் ஏற்றி வைத்தார். திறந்து பார்த்தபோது முட்டை எல்லாம் மிதிபட்டுக் கூழாகிக் கிடந்தது.

பிறகுதான் தங்கராசா ஐயா கோழிகளுக்கு ஊசி போட வந்தார். நூலைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அடக்க முடியாமல் சிரித்தார். "மேசன், இந்தச் சாதி அடை கிடக்காது. முட்டைக்கெண்டே வளத்தெடுத்த சாதி. அந்தக் குணம் அதுகளின்ட ரத்தத்திலயே இல்ல" என்றார்.

யாக்கோப்பின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! அப்படியென்றால் அதுகளில் பிழையில்லை என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது கோழியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "பிழை ஆருக்கு வேணும்? முட்டைய ஆர் காக்கிற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். அன்று பின்னேரம் கிணற்றடியில் சேட்டு தோய்க்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் பற்றிக்கை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன். ஆமினா உம்மாவின் முற்றத்தில் ஒரு கறுத்த நாட்டுக்கோழி வெறும் மண்ணில் அடை கிடந்தது. கிட்டப் போனால் கையைக் கொத்தியது. இதைத் தாருங்கள் ராத்தா என்றேன். அடைக்கோழியைச் சும்மா கொடுத்தால் அடை நிலைக்காது, பொரிப்பதில் பாதி எனக்கு என்றா. அது முறைதான், ஒத்துக்கொண்டேன். பிறகு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தா. "புருசனக் கட்டிப் போட உனக்கு என்ட கோழியா புள்ள கிடைச்ச?" என்று கேட்டா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ கோழியைப் பனையோலை உமலுக்குள் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டுக் கட்டித் தந்தா.

வீட்டுக்கு வந்து ஒரு உடைந்த சட்டியில் மணலைப் போட்டேன். இடிமுழக்கத்துக்கு முட்டை கூழாகாமலிருக்கக் கரித்துண்டும் இரும்பாணியும் வைத்து, லெகோன் முட்டைகளை அடுக்கிக் கோழியை இறக்கினேன். உடல் பரப்பி இருந்த இருப்பைப் பார்க்க எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. யாக்கோப்பு சேட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி வந்து நின்றார். நீங்கள் போக வேண்டியதானால் போங்கள், ஆனால் மரநாய் வந்தால் நான் பிள்ளையைப் பார்ப்பேனா கோழியைப் பார்ப்பேனா என்றேன். குனிந்து கோழியைப் பார்த்தார். "மூண்டு கிழமைதானே. பொரிச்சாப் பிறகு போறன்" என்றார்.

பொரித்தது. பொரித்த குஞ்சை விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்? செட்டை முளைக்கட்டும் என்றார். செட்டை முளைப்பதற்குள் நான் ஏறாவூருக்குப் போய் அடுத்த கோழியைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அது எழும்புமுன் இன்னொன்று. எங்கள் வளவில் எந்த நேரமும் ஏதோ ஒரு கோழிக்குக் கீழே முட்டை இருந்தது. இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அவரும் தன்னாமுனையிலும் ஏறாவூரிலும் கிடைத்த வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு வந்தார்.

கெட்டிக்காரி என்று நினைக்க வேண்டாம். நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஐப்பசியில் இடி இடித்தால் முட்டைக்குப் பயம். ஒரு கோழி அடையை விட்டு எழும்பினால் எனக்குச் சோறு இறங்காது. ஏறாவூரில் அடைக்கோழி இல்லை என்று ஆமினா உம்மா சொன்ன நாளில் செங்கலடி வரைக்கும் தேடிப் போயிருக்கிறேன். செபமாலை சொல்லும்போதுகூட மனசு கோழிச் சட்டியில்தான் நிற்கும்.

எழுபதாம் ஆண்டு என் குடல்வால் வெடித்துவிட்டது. யாரோ காரைப் பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலியில் துடிக்கும்போதே எனக்கு ஒரு நினைப்பு: வீட்டில் கிடக்கும் கோழி இந்தக் கிழமை பொரித்துவிடும், அடுத்த கோழியை இன்னும் வைக்கவில்லை. வயிற்றை வெட்டித் தைத்தார்கள். சீழ் பிடித்து, படுக்கை நீண்டுகொண்டே போனது. படுத்தபடி கணக்குப் பார்த்தேன். இப்போது பொரித்திருக்கும். இப்போது செட்டை முளைத்திருக்கும். இனிப் போவார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் சைக்கிளில் கஞ்சி கொண்டுவருவார். ஒரு நாள் தோய்த்து மடித்த சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நான் இங்கே கிடக்கையில் அவருடைய சேட்டை வேறு யார் தோய்ப்பது? அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. போகிறீர்களா என்று கேட்கவும் வாய் வரவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அவர் கஞ்சியை ஊட்டிவிட்டு, கோப்பையைக் கழுவிக்கொண்டு போனார்.

டொக்டர் போகலாம் என்று துண்டு வெட்டியபின் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பாயில் படு என்று றீற்றா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, தையல் இழுக்க இழுக்கக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போனேன். தாழ்வாரத்தில் நாலு சட்டி. நாலு சட்டியிலும் நாலு நாட்டுக்கோழி, உடல் பரப்பி, கண்ணை உருட்டிக்கொண்டு அடை கிடந்தன. யாக்கோப்பு பின்னால் வந்து நின்றார்.

இதென்ன என்று கேட்டேன். ஆமினா உம்மாவிடம் போய்க் கொண்டுவந்ததாகவும், ஒன்று எழும்பினாலும் மற்றது இருக்கட்டும் என்று நாலாக வைத்ததாகவும் சொன்னார். பிடரியைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"முதல் கோழி கொண்டுவந்த அண்டைக்கே. பக்கத்து வளவில அடைக்கோழி கிடக்கக்கொள்ள, கைப்புள்ளையோட ஆராவது ஏறாவூருக்குப் போவாங்களா?"

வந்தது கோபமா, வேறு என்னவோ, எனக்குத் தெரியாது. தூணைப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு வருசமும் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவர் குனிந்து ஒரு கோழியின் கீழே கையை விட்டு, முட்டையைத் தடவிப் பார்த்தார். அது கொத்தியது. கையை எடுக்கவில்லை.

"சொன்னா நீ அடை வைக்கிறத நிப்பாட்டிருவாய் எண்டு பயம்" என்றார்.

ஏழு வருசமாக அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன்.