இடது ஓரத்துச் சிவப்பு

எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகளில் ஒன்றின் விளிம்பில், விரல் நீளத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா இரண்டு முறை அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பளிச்சென்று ஆக்கிவிட்ட திருப்தியோடு போனார். இரண்டு முறையும் புது டேப் வாங்கி ஒட்டினேன். வட்டமான தட்டுக்கு இடது ஏது, வலது ஏது என்று கேட்கலாம். டேப் இடப்பக்கம் வருகிற மாதிரி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அது என் மாமனாரின் தட்டு.

மாமனார் போத்தனூரில் ரயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைக்கூட, "வாங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்காமல் அனுப்பமாட்டார். எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருப்பது கை நீட்டி அடிப்பதைவிடப் பெரிய குற்றம். அந்த ஒரு சொல் விட்டுப்போய், பத்து வருடமாக முகம் பார்க்காத பங்காளிகள் எங்கள் உறவிலேயே உண்டு.

மூளையின் வலது பக்கத்தில் ரத்தம் அடைத்து, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்த முதல் வாரம். உடுமலைப்பேட்டையிலிருந்து என் அப்பா ஒரு சாக்கு இளநீரோடு பார்க்க வந்தார். ஹாலில் மாமனாரின் நாற்காலிக்கு இடப்பக்கம் வாசல். வாசலை ஒட்டிய சோபாவிலேயே அப்பா உட்கார்ந்தார். மாமனார் திரும்பவே இல்லை. வலப்பக்கம் இருந்த பக்கத்து வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஒடம்பு எப்படிங்க இருக்குது?" என்று அப்பா கேட்டார். "தேவலைங்க" என்று மாமனார் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார். அப்பா காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "ஒரு வாங்கன்னு சொல்ல வாய் வல்லியே அம்மணி. இனி இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் சுவர் எழும்பினால் மாட்டிக்கொள்வது யார்?

நான்கு நாள் மாமனாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "பொரியல் வெக்கலியா அம்மணி?" என்றார். தட்டைப் பார்த்தேன். வலது பாதி வழித்துத் துடைத்த மாதிரி சுத்தம். இடது பாதியில் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்தது வைத்தபடி இருந்தன. தட்டை அரை வட்டம் திருப்பினேன். "இப்பத்தான் வெச்சியா, நல்லாருக்குது" என்று சாப்பிட்டார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகக் கவனித்தேன். வலது கன்னம் மட்டும் சவரம் ஆகியிருந்தது. அப்பா உட்கார்ந்திருந்த சோபா எந்தப் பக்கம் என்பதும் அந்த நிமிடம்தான் உறைத்தது. நான்கு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கப்பட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணில் குறை இல்லை. கண் கொண்டுவந்து கொட்டுவதில் எதைக் கவனிப்பது என்று முடிவு செய்வது மூளை. இவருக்கு அந்த வேலை இடப்பக்கத்துக்கு நின்றுபோயிருக்கிறது. கண் தெரியாதவருக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும். இவருக்கோ இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. அங்கிருந்து வரும் குரலைக்கூட வலப்பக்கம் இருப்பவர் பேசியதாக எடுத்துக்கொள்வார். போனில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "கண்ணு தெரியுமாம், ஆனா ஆளு தெரியாதாம். நல்ல கதை சொல்ற, கண்ணு" என்று போனை வைத்துவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண், செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சிவப்பைப் பாத்துட்டுத்தான் ஒவ்வொரு வரியும் ஆரம்பிக்கணுங்க" என்றாள். மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பது வருசம் செவப்பைத் தேடியே வண்டி ஓட்டுனவனுங்க நானு" என்றார். எஞ்சினில் டிரைவர் சிக்னலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல, உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். மறுநாளிலிருந்து வீடே எஞ்சின் ஆனது. தட்டு, கண்ணாடி, வாசல் நிலை என்று எல்லாவற்றின் இடப்பக்கமும் டேப். மாமனார் கழுத்தைத் திருப்பித் தேடி, "செவப்பு!" என்பார். சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு, "செவப்புங்கோ!" என்பார். டேப்பை மறந்து வலப்பக்கமே இருந்துவிடுகிற நாட்களும் இருந்தன. ஆனாலும் மெல்ல மெல்லப் பொரியல் காலியாகத் தொடங்கியது.

மூன்று மாதம் கழித்து, என் மகளின் பிறந்தநாளுக்கு அப்பா வந்தார். உள்ளே வரவில்லை. பலாப்பழத்தை வாசலில் வைத்துவிட்டு, "நான் கெளம்பறேன்" என்றார். மாமனார் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தூண்டிவிட என் வாய் துறுதுறுத்தது. அவராகத் திரும்பினால்தான் அப்பா நம்புவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்பா இறங்குவதற்குப் படியில் ஒரு கால் வைத்துவிட்டார். அப்போது மாமனாரின் கழுத்து அசைந்தது. பார்வை டிவியைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, வாசல் நிலைக்கு வந்தது. "செவப்பு" என்றார். இன்னும் கொஞ்சம் திரும்பினார். "அட, வாங்க சம்பந்தி! எத்தன நேரமா நிக்கறீங்க?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தானுங்க வந்தேன்" என்றார். மூன்று மாதத்தை இப்படி ஒரு பொய்யில் முடித்த என் அப்பாவை அன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அதன்பிறகு வரும்போதெல்லாம் வேண்டுமென்றே இடப்பக்கம்தான் உட்காருவார். மாமனார் திரும்பாவிட்டால், "செவப்புங்க சம்பந்தி" என்று அவரே கூப்பிடுவார்.

மாமனார் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது அந்தத் தட்டில் சாப்பிடுவது நான். நேற்று மதியம் வலக்கையில் சோறும் இடக்கையில் போனுமாக உட்கார்ந்து, ஏதோ ஒரு வீடியோவில் மூழ்கியிருந்தேன். இடப்பக்கத்திலிருந்து, "அம்மா, செவப்பு" என்று குரல் கேட்டது. திரும்பினேன். என் மகள் தன் தட்டில் பாதியைக் காலி செய்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. எப்ப வந்தே?"

"இப்பத்தாம்மா" என்றாள், என் அப்பாவைப் போலவே.