கரி வெளுத்த வழக்கு

கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் நிறம் கலப்பவரை எல்லோரும் ‘ஃபைல் அண்ணன்’ என்றே அழைத்தார்கள். கீறல் விழுந்து வந்த காரின் நிறத்தை அப்படியே கலந்து, கலந்த அளவை எழுதி, அட்டைத் துண்டில் ஒரு தீற்றல் பூசி, தேதியிட்டு அடுக்கிவைப்பது அவர் வழக்கம். ஒருவரும் கற்றுத்தந்த தொழில் அன்று. பார்த்துப் பார்த்துத் தாமே படித்தது. வீட்டிலும் அதே ஒழுங்குதான். தையல் எந்திரம் வாங்கிய ரசீது முதல் பல் பிடுங்கிய சீட்டு வரை எல்லாம் கண்ணாடித்தாள் உறைகளில் இருக்கும். உறை வீணாகக் கூடாதென்று, உறைக்கு இரண்டு தாள்களை முதுகோடு முதுகு சேர்த்துச் செருகுவார். அவரைத் தலைகுனிய வைத்தது இந்தச் சிக்கனம்தான்.

ஸ்டாண்டர்ட் பூடில் ஒன்று வளர்க்க வேண்டும் என்பது அவருடைய மூன்றாண்டு ஆசை. தொடையுயரம் வளரும் சுருள்முடி நாய் அது; முடி உதிர்ப்பது மிகக் குறைவு. நாய்முடி பட்டால் மனைவிக்கு அடுக்குத் தும்மல் வரும் என்பதால் வேறு இனத்தை அவர் நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. இடுப்பெலும்பும் கண்ணும் சோதித்த பெற்றோருக்குப் பிறந்த குட்டி என்றால் யானை விலை சொன்னார்கள். மலிவாகத் தருவதாக விளம்பரம் செய்தவர்களோ, “தாய் நாயைப் பார்க்கலாமா?” என்றதும் தொலைபேசியை வைத்தார்கள்.

கடைசியில் கிடைத்தவர் நாய்களுக்கு முடி திருத்தும் கடை நடத்திய ஓர் அம்மாள். இரண்டாண்டுக்கு ஓர் ஈற்று மட்டுமே எடுப்பவர். சோதனைச் சான்றுகள் எல்லாம் காட்டினார். விலை மட்டும் பாதி.

“ஏம்மா இவ்வளவு கம்மி?”

“இது போட்டி மேடைக்குப் போற குட்டி இல்லைங்க, வீட்டுக்குப் போற குட்டி. காரணமெல்லாம் இதுல எழுதியிருக்கேன். வீட்டுக்குப் போய் நிதானமா படிங்க.”

மடியிலிருந்த குட்டி அந்தத் தாளின் மூலையைக் கடித்துவிட்டது. பதறிப்போன மனிதர், வீடு வந்ததும் முதல் வேலையாக அதை அந்த அம்மாள் தந்த தாய் நாயின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையோடு சேர்த்து உறைக்குள் செருகினார். உறைக்கு வெளியே தெரிந்த பக்கத்தில் தீனியும் தடுப்பூசித் தேதிகளும் இருந்தன. அந்தப் பக்கத்தைப் பதினைந்து முறையாவது படித்திருப்பார்.

கன்னங்கரேலென்று இருந்த குட்டிக்கு மனைவி ‘கரி’ என்று பெயரிட்டார். ஒன்றரை வயதில் கரி வெளுக்கத் தொடங்கியது. முதலில் முகம், பிறகு கால்கள், பிறகு முதுகு. “நல்ல கறுப்பு வெளுக்காது” என்பது பட்டறையில் அவர் அடிக்கடி சொல்லும் வேதவாக்கு. வெளுத்தால் சரக்கு கலப்படம். மாதம் ஒருமுறை கரியின் முடியை நறுக்கி, நிற அட்டையருகே ஒட்டி, தேதியிட்டார். ஒன்பது மாதத்தில் ஒன்பது அட்டைகள் சேர்ந்தன.

“நாய் வாங்கின வீடா, கோர்ட்டா இது?” என்றார் மனைவி. “அது வாலாட்டுறதையும் எழுதி வைங்க.”

அவர் சிரிக்கவில்லை. கலப்பின நாயைப் பொய்ச் சான்றோடு தலையில் கட்டிவிட்டதாக நாய் வளர்ப்போர் சங்கத்துக்குப் பதினோரு பக்கப் புகார் அனுப்பினார். விசாரணை முடியும்வரை அந்த அம்மாளின் பெயரைச் சங்கம் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குட்டிக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அந்த அம்மாள் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணே, நான்தான் எழுதிக் கொடுத்தேனே, பாக்கலையா?”

“என் ஃபைல்ல இல்லாதது எதுவும் நடக்கலைம்மா” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மூலத் தாள்களின் நகல் வேண்டும் என்று சங்கம் எழுதியது. தாள்களை உறையிலிருந்து உருவி நகல் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் ஒரு தாளைத் திருப்பினார்.

“சார், இதுக்குப் பின்னாடியும் எழுத்து இருக்கே. ரெண்டு பக்கமும் போடவா?”

மூலையில் பற்குறி. அதே கையெழுத்து. “இக்குட்டியின் வழியில் நீல நிறம் உண்டு. பிறக்கும்போது கறுப்பு, இரண்டு, மூன்று வயதுக்குள் அடர்சாம்பலாக மாறும். நோயன்று, கலப்புமன்று. அடர்கறுப்பு கேட்பவர்கள் வாங்கமாட்டார்கள் என்பதால் விலை குறைத்தேன். நிறம் பிடிக்காவிட்டால் எந்த வயதிலும் கூச்சப்படாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.”

அதை அவர் இரண்டாம் முறையும் படித்தார்.

“என்ன சார், போடவா?”

“ஒரு பக்கம் போதும்” என்றது அவருடைய வாய்.

அந்த மூன்று சொற்கள் நான்கு நாள் அவரைத் தின்றன. ஏமாந்தவர் என்று ஊரே தம்மைப் பார்த்து இரங்கியதில் ஒரு சுகம் இருந்ததை இப்போதுதான் உணர்ந்தார். பட்டறையில் சாதாரண வெள்ளையைக் கலக்கவே மூன்று முறை தவறினார். “என்ன அண்ணே, வெள்ளையே தண்ணி காட்டுதா?” என்று மெருகு போடுபவர் கிண்டலடித்தார். நகல்கள் தபால்தலை ஒட்டிய உறையோடு பைக்குள் கிடந்தன. “அனுப்பிட்டீங்களா?” என்று மனைவி கேட்டபோதெல்லாம், “நாளைக்கு” என்றார். கரி வழக்கம்போல அவருடைய பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. புகார் அனுப்பிய நாள் முதல் அந்த அம்மாளின் கடைக்குப் போகாமல் அவரே முடி வெட்டிவிட்டதில், காதோரம் சிக்குப்பிடித்துச் சடையாகத் தொங்கியது.

ஐந்தாம் நாள், மூலத் தாளை எடுத்துக்கொண்டு, கரியையும் கூட்டிக்கொண்டு அந்த அம்மாளின் கடைக்குப் போனார். மேசைகள் காலியாக இருந்தன. அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தார்.

“அடி என் கண்ணே, என்னடி இது கோலம்? யாரு உன்னைக் கொதறினது?”

“நான்தாங்க” என்றார் அவர். தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “இதுவும் என் ஃபைல்ல இருந்துச்சு. நான் திருப்பிப் பாக்கல.”

“எனக்கு எதுக்குங்க? எழுதினவளே நான்தானே. நீங்க வாய்விட்டுப் படிங்க.”

படித்தார். ‘கூச்சப்படாமல்’ என்ற சொல்லை இரண்டு முறை படித்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்: “நாலு நாளைக்கு முன்னாடியே பாத்துட்டேன். நகல் கடையில ஒரு பக்கம் போதும்னு சொன்னேன்.”

அந்த அம்மாள் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். “அதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமே.”

“இருந்திருக்கலாம்.”

“சங்கத்துக்கு?”

“ரெண்டு பக்கமும் இன்னிக்கே போகுது. நாலு நாள் கதையும் சேர்த்து எழுதிட்டேன். குட்டி கேட்டு வந்தவங்க பேரு சொல்லுங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போறேன்.”

“ஏழு வீடு” என்றார் அந்த அம்மாள். சீப்பை எடுத்துக் கரியின் சடையைப் பிரிக்கத் தொடங்கினார்.

“கோபம் போகலைங்க” என்றார் சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “போகுமான்னும் தெரியல. இப்போ காதைப் பிடிங்க. கெட்டியா இல்ல, மெதுவா.”

அவர் பிடித்தார். சிக்குக்கு அடியிலிருந்து, மழை பெய்து ஓய்ந்த கற்பலகையின் நிறத்தில், ஒரே சீராக வெளிப்பட்டது முடி. பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக அவர் கலந்த எந்த நிறமும் அப்படி இல்லை.