வெள்ளைப் படகா, வாழைத்தார்ப் படகா?

யுத்தம் வருவதற்கு முன்னால், சைகோனில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். நானும் என் கணவரும் காரைக்காலிலிருந்து போய், அங்கே மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். மாடுகள் ஆற்றுக்கு அக்கரையில். பால் வாங்குகிற வீடுகள் இக்கரையில், பட்டணத்தில். தினமும் நான் பால் கறந்து படகில் ஏற்றியதும் அவர் துடுப்புப் போட்டுக் கொண்டுபோவார்.

அந்த வருஷ மழையில் அவருக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. நடு ஆற்றில் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இனி துடுப்புப் போட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகு போகாவிட்டால் வியாபாரம் போச்சு, மாட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். அதனால் பழைய மோட்டார் படகு ஒன்று வாங்குவதென்று கிளம்பினோம். மாட்டையும் பார்த்து நோயாளியையும் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. ஏதோ ஒன்றை வாங்கித் தொலைத்தால் சரி என்றிருந்தேன்.

ஒரே துறையில் இரண்டு படகுகள் விற்பனைக்கு நின்றன. ஒன்று, தாய்நாடு திரும்புகிற பிரெஞ்சு துரையுடையது. வெள்ளைச் சாயம், பளபளவென்று பித்தளை. இன்னொன்று அந்த நாட்டுக்காரியான ஓர் அன்னாமியப் பெண்ணுடையது. வாழைத்தார் ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போன சின்னப் படகு. என் கணவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுல போனா பாலும் கெடாது, மானமும் கெடாது" என்று சொல்லி வெள்ளைப் படகில் ஏறிவிட்டார்.

இன்ஜினைக் கிளப்ப ஓர் இரும்புக் கைப்பிடியை வேகமாகச் சுற்ற வேண்டும். துரையின் ஆள் ஒரே சுற்றில் கிளப்பிக் காட்டி நிறுத்தினான். என் கணவர் சுற்றினார். இன்ஜின் முனகியது, அவ்வளவுதான். மறுபடியும் சுற்றினார். உதடு நீலம் பாரித்து, அப்படியே பலகையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். துடுப்புப் போட முடியாதவர் இதை எப்படித் தினமும் சுற்றுவார்? இத்தனை நாள் படகு படகு என்று பேசினோமே, இரண்டு பேரில் ஒருவருக்காவது இது தோன்றவில்லையே!

அந்த அன்னாமியப் பெண் ஓடி வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். மூச்சு சீராகும்வரை தன் ஓலைத் தொப்பியால் விசிறினாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் படகுக்குக் கூட்டிப்போனாள். அதில் இருந்தது சின்ன இன்ஜின். சுற்றும்போது கைப்பிடி எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறிந்துவிடும் என்று சைகையில் காட்டி, என் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துக் கைப்பிடிமேல் வைத்தாள். பால் கறந்து உரமேறிய கைதானே, இரண்டாவது சுற்றில் படபடவென்று கிளம்பிவிட்டது. அவளும் விற்க வந்தவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படகை ஓட்டப்போவது நான்தான் என்பது எனக்கே தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிருந்தது. பெண்டாட்டி ஓட்ட, ஊர் பார்க்கத் தான் சும்மா உட்கார்ந்து வருவதா என்று அவருக்கு இருந்திருக்கும். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அந்த வெள்ளப் படகுதான் வேணும்னா வாங்கிக்குங்க. ஆனா நீங்க இல்லாம தனியா கப்பலேற என்னால முடியாது" என்றேன்.

அவர் மெதுவாக எழுந்து வந்து, அந்தக் கறுத்த படகில் முன்பக்கமாக உட்கார்ந்தார்.

"சரி, நீயே ஓட்டு. நான் பால் அளந்து ஊத்துறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கப்புறம் அவர் பல வருஷம் என்னோடு இருந்தார். அத்தனை வருஷங்களும் அந்த ஒரு 'சரி'யில் எனக்குக் கிடைத்தவை என்றே இன்றும் நினைக்கிறேன்.